அடகு போன சர்டிபிகேட்

பயம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு டிராம் வண்டி. பேய், பாம்பு, போலீஸ் எல்லாம் அதற்கு அப்புறம்தான். எஸ்பிளனேடிலிருந்து கிளம்பிக் கிடர்பூர் போகும் அந்த டிராம், மைதானத்துப் புல்லுக்கு நடுவே ஆடி ஆடிப் போய், குதிரைப் பந்தயம் நடக்கும் இடத்தருகே என்னை இறக்கிவிடும். சனிக்கிழமை மதியம் அதன் படியில் கால் வைத்தேனென்றால், திரும்பி வர டிராம் சார்ஜுக்குக்கூடக் கையில் காசு இருக்காது. பவானிபூர் வரை நடைதான். வீட்டில் என்ன பொய் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வருவேன்.

இதை எழுத உட்கார்ந்தபோது, "இந்த மானக்கேட்டையெல்லாம் எதுக்கு ஊருக்குச் சொல்லணும்?" என்று மனைவி கேட்டாள். யார் பெயரையும் போடமாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் விட்டாள். என் சத்தியத்துக்கு இந்த வீட்டில் என்ன மதிப்பு என்பது போகப் போகத் தெரியும்.

நான் ஸ்டெனோகிராபர். அந்த நாளில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு ரயிலேறியவர்களுக்கு வேறென்ன தெரியும்? ஷார்ட்ஹேண்ட் பாஸ் பண்ணிய சர்டிபிகேட்டைப் பெட்டிக்கு அடியில், வேட்டிகளுக்குக் கீழே வைத்துக்கொண்டு ஹவுராவில் இறங்குவோம். பவானிபூரிலும் லேக் மார்க்கெட்டிலும் எந்தத் தமிழ் வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு ஸ்டெனோ வந்து திறப்பார். நிலம் நீச்சு எல்லாம் மற்றவர்களுக்கு. எங்களுக்குச் சொத்து அந்த ஒரு காகிதம்தான்.

வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். ஊரே முதலாளிகளைச் சுற்றி வளைக்கும் கெராவும் பந்த்தும் லாக்-அவுட்டுமாகக் கிடந்த சமயம். ஒரு திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனால் இரும்புக் கேட்டில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு, பக்கத்தில் நோட்டீஸ். இரண்டு வாரத்தில் திறந்துவிடும் என்றார்கள். திறக்கவே இல்லை. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. வீட்டில் மனைவி, நாலு வயதுப் பெண் குழந்தை, மாதம் பிறந்தால் மாடியிலிருந்து இறங்கி வந்து வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் நிற்கும் வீட்டுக்கார வங்காளி மாஷிமா.

வேலை இருந்தபோது ரேஸ் எனக்குப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்வேன். சுத்தப் பொய். ஆனால் சம்பளம் என்று ஒன்று வந்துகொண்டிருந்ததால் அந்தப் பொய் நின்றது. வேலை போன பிறகுதான் சனியன் முழுசாகப் பிடித்தது. ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது கொஞ்சம்தான். காலையில் கண் விழித்ததிலிருந்து எனக்கு அடிவயிறு கலங்கிக்கொண்டே இருக்கும். வாடகை, மளிகைக்கடை, பால்காரர், மாஷிமாவின் செருப்புச் சத்தம். குதிரைகள் ஓடும் ஒன்றரை நிமிஷம் மட்டும் அந்தக் கலக்கம் நிற்கும். வேறு எதிலும் நிற்காது. அந்த ஒன்றரை நிமிஷத்துக்காகத்தான் வீட்டுச் சாமானை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் விற்றேன். குதிரை தோற்றதும் கலக்கம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். அதற்கும் மருந்து அடுத்த சனிக்கிழமைதான்.

இங்கே தர்வானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபீஸ் வாசலில் காக்கி உடுப்போடு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவல்காரர்தான் தர்வான். எங்கள் தர்வான் பீகார்க்காரர், நரைத்த மீசை, அதிகம் பேசமாட்டார். காலையில் பாபுக்களுக்கு ஸலாம் போடுவார். சம்பளத்தன்று சாயங்காலம் அதே பாபுக்கள் அவர் முன்னால் கைகட்டி நிற்பார்கள். எங்கள் ஆபீஸ் இருந்த டல்ஹௌசிப் பக்கத்துக் குமாஸ்தாக்களில் பாதிப்பேர் தர்வான்களிடம்தான் கடன் வாங்குவார்கள். அவர்கள் அடகு கேட்பதில்லை. சம்பளக் கவரோடு அந்தக் கேட்டைத் தாண்டித்தானே போக வேண்டும்! ஆனால் கேட் பூட்டிய பிறகு சம்பளம் ஏது? ஆகவே நான் போய் நின்றபோது முதல்தடவையாக அடகு கேட்டார். கைக்கடிகாரம் ஏற்கெனவே போயாகிவிட்டது. சர்டிபிகேட்டை நீட்டினேன்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "ஸ்டெனோ பாபு, இது இல்லாட்டி உங்களுக்கு வேற எங்கேயும் வேலை கிடைக்காதா?" என்று இந்தியில் கேட்டார்.

"கிடைக்காது."

"அப்ப இது போதும்" என்று நாலாக மடிக்கப் போனார். "ஐயோ, மடிக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மடிக்காமலே தன் தகரப் பெட்டியில் அனுமார் படத்துக்குக் கீழே வைத்துப் பூட்டினார். ஐம்பது ரூபாய் கொடுத்தார். அந்த ஐம்பதும் அடுத்த சனிக்கிழமையைத் தாண்டவில்லை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டிக்கு எங்கள் சந்துக்கே வர ஆரம்பித்தார். கத்தமாட்டார், கதவைத் தட்டமாட்டார். குழாயடிக்குப் பக்கத்தில் தடியை ஊன்றிக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். கத்தித் தொலைத்திருந்தால்கூட எனக்குப் பயம் தெளிந்திருக்கும். நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வாசலில் விளையாடும் குழந்தையிடம் அவர் ஏதோ கேட்பார். "பாபா பாரிதே நேய்" என்று அது கணீரென்று பதில் சொல்லும். அப்பா வீட்டில் இல்லை. மாஷிமாவிடம் கற்ற சுத்தமான வங்காளம். பொய் மட்டும் நான் சொல்லிக்கொடுத்தது.

"யார் அந்தப் பெரியவர்?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"ஆபீஸ் எப்போ திறக்கும்னு சொல்ல வரார்."

"அதுக்கு ஏன் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறேள்?"

"பல்வலி" என்றேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

எனக்கு இன்னொரு வியாதியும் உண்டு. எதையும் எழுதி வைக்காவிட்டால் கை சும்மா இருக்காது. எந்தக் குதிரையில் எவ்வளவு விட்டேன், யாரிடம் எவ்வளவு வாங்கினேன், சர்டிபிகேட் எங்கே இருக்கிறது எல்லாம் ஒரு நோட்டில் இருந்தது. ஷார்ட்ஹேண்டில். தமிழ்ப் பேச்சையே அந்தக் கோடுகளிலும் புள்ளிகளிலும் எழுதியிருப்பேன். ரேடியோவுக்குப் பக்கத்தில் மேஜைமேல் பப்பரப்பே என்று கிடக்கும். யார் படிக்கப் போகிறார்கள்? மனைவி அதைத் தூக்கி, கீழே தூசி தட்டி, மறுபடி அதே இடத்தில் வைப்பாள். எனக்குத்தான் என்ன சாமர்த்தியம் என்று உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

அவளும் மத்தியானங்களில் குழந்தையை மாஷிமாவிடம் விட்டுவிட்டு எங்கோ போய் வருவாள். நாலு வீட்டு மாமிகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பதாகச் சொன்னாள். வீட்டில் ஊசி நூலை நான் பார்த்ததில்லை. கேட்கவும் இல்லை. சதா பொய் சொல்லிக்கொண்டிருப்பவனுக்கு அடுத்தவர் பொய்யைக் கவனிக்க எங்கே நேரம்?

இப்படி இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை கடிதம் வந்தது. சர்க்கார் சம்பந்தப்பட்ட ஓர் ஆபீஸில் ஸ்டெனோ வேலை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு வர வேண்டும். கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சந்தோஷம் வரவில்லை. வட்டியோடு எண்பது ரூபாய் கொடுத்தால்தான் தர்வான் பெட்டியைத் திறப்பார். மெட்ராஸுக்கு எழுதி டூப்ளிகேட் வாங்க மாசக்கணக்கில் ஆகும்.

வெள்ளிக்கிழமை காலை மனைவியிடம் எண்பது ரூபாய் கேட்டேன். ஷூ வாங்க வேண்டும், பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும் என்று ஒரு பட்டியல் சொன்னேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்த வேலை கிடைச்சுடுமா?" என்றாள். "சர்டிபிகேட்டைப் பார்த்தாலே குடுத்துடுவான்" என்றேன், வாய் கூசாமல்.

சாயங்காலம் எண்பது ரூபாயை என் கையில் வைத்தாள். அவள் மூக்கில் வைர மூக்குத்தி இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க, துடைப்பத்து ஈர்க்குச்சியைக் கிள்ளிச் செருகியிருந்தாள். பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயம்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினேன். நேரே தர்வான், நேரே வீடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பவானிபூரிலிருந்து எஸ்பிளனேடு வரை சௌரங்கி டிராமில் ஒரு குறையும் இல்லை. இறங்கினேன். டல்ஹௌசிக்குப் பத்து நிமிஷ நடை. அந்தப் பக்கம் கிடர்பூர் டிராம் நின்றுகொண்டிருந்தது. ரேஸ் புத்தகம் விற்கிறவன் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தான்.

அப்போது ஒரு யோசனை வந்தது. எண்பதைக் கொடுத்தால் சர்டிபிகேட் வரும், சரி. மூக்குத்தி? அதை யார் மீட்பது? எண்பதை நூற்றறுபதாக்கினால் இரண்டும் வந்துவிடுமே! அவள் மூக்கில் ஈர்க்குச்சியோடு நிற்கிறாளே, பாவம். ஒரே ஒரு ரேஸ், நிச்சயமான குதிரை ஒன்று, அவளுக்காக. ஆமாம், அவளுக்காகத்தான் போனேன். அயோக்கியத்தனத்துக்கு எவ்வளவு நல்ல காரணம் கிடைக்கிறது பாருங்கள்!

முதல் ரேஸில் இருபது போயிற்று. இரண்டாவதில் இன்னொரு இருபது. மூன்றாவதில், போனதைப் பிடிக்க நாற்பதையும் வைத்தேன். நிச்சயமான குதிரை இரண்டாவதாக வந்தது. சுற்றிலும் ஜனங்கள் சீட்டுகளைக் கிழித்து வீசினார்கள். நான் என் சீட்டைக் கிழிக்காமல், அதிலிருந்த நம்பரைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றேன்.

நடந்து வீடு வந்தபோது விளக்கு ஏற்றியிருந்தாள். "போன காரியம் ஆச்சா?" என்றாள்.

"ஆச்சு" என்றேன்.

சிரித்தாள். பல மாதங்களுக்கு அப்புறம் பல் தெரியச் சிரித்தாள். அன்றைக்குக் குழந்தைக்குப் பாயசம்கூட வைத்தாள். ஷூவையோ ரசீதையோ காட்டு என்று கேட்கவில்லை. வாங்காத ஷூவுக்கா இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு விளங்கவே இல்லை. பாயசத்தை முழுங்க முடியாமல் முழுங்கினேன்.

மறுநாள் காலை அவள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, அந்த எண்பதை எழுத நோட்டைத் திறந்தேன். என் கடைசி வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. என் கையெழுத்து இல்லை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எழுதுகிற மாதிரி, ஒரு புள்ளி விடாமல், ஒவ்வொரு கோடும் அளந்து வைத்தது போல எழுதியிருந்தது. "தர்வானுக்கு எண்பது கொடுத்தாச்சு. சர்டிபிகேட் வந்தாச்சு."

ரவிக்கையும் இல்லை, மாமிகளும் இல்லை. அவள் மத்தியானங்களில் ஷார்ட்ஹேண்ட் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். பவானிபூர்த் தமிழ் வீட்டில், ஷார்ட்ஹேண்டில் எழுதினால் ரகசியம் என்று நினைத்த ஒரே முட்டாள் நான்தான். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். அத்தனை குதிரை, அத்தனை கடன், விற்ற சாமான் எல்லாவற்றையும் அவள் மாதக்கணக்காகப் படித்திருக்கிறாள். எண்பது எதற்கு என்று தெரிந்தேதான் மூக்குத்தியைக் கழற்றியிருக்கிறாள். நான் "ஆச்சு" என்றதும், அதை நம்பி, முந்தின நாள் சாயங்காலமே எழுதியும் வைத்துவிட்டாள்.

சமையலறைக்குப் போனேன். அவள் பரவல்காய் நறுக்க உட்கார்ந்திருந்தாள். நோட்டைக் கையில் பார்த்ததும் லேசாக வெட்கப்பட்டாள். "சரியா எழுதியிருக்கேனா? ஏழு மாசமாத்தான் கத்துக்கறேன்" என்றாள்.

"குடுக்கலை" என்றேன்.

கத்தி நின்றது. "என்ன குடுக்கலை?"

"தர்வானுக்கு. போயிடுத்து."

"எல்லாமா?"

"எல்லாம்."

அப்புறம் நறுக்கின காய், நறுக்காத காய், தட்டு எல்லாவற்றையும் வழித்துச் சுவரில் எறிந்தாள். "தெரிஞ்சுதானே குடுத்தேன்! எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியாமலே நீங்க ஒழுங்கா வந்துடுவேள்னு பார்த்தேனே! ஒரு நாள்! ஒரே ஒரு நாள் உங்களால முடியாதா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்றைக்கும் நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. "என் நோட்டை நீ எதுக்குடி படிச்சே?" என்று கத்தினேன். திருடனுக்குத் தன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டார்கள் என்று கோபம்! குழந்தை ஈரத்தலையோடு வந்து எங்களிருவரையும் மாறி மாறிப் பார்த்தது. "அப்பா வீட்டில் இல்லைன்னு சொல்லட்டுமா?" என்று வங்காளத்தில் கேட்டது. எங்கள் சத்தத்தில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

திங்கட்கிழமை வெறுங்கையோடு போனேன். ஒரிஜினல் இல்லாமல் உட்கார வைக்க முடியாது என்று மரியாதையாகவே வெளியே அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் வீட்டில் சட்டம் மாறியது. என் சட்டைப்பையில் டிராம் சார்ஜுக்கு மேல் காசு இருக்கக் கூடாது. தினம் சாயங்காலம் நோட்டில் எழுத வேண்டும். போனேனோ இல்லையோ, போகவேண்டும் என்று தோன்றியதா என்பதைக்கூட. அவள் படித்துவிட்டுக் கீழே ஒரு கோடு போடுவாள். கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலுக்கு டைப் அடித்தேன். கூலியை அவள் நேரில் போய் வாங்கிக்கொள்வாள். மானம் போகிறது என்று இரண்டு தடவை நோட்டை விட்டெறிந்தேன். இரண்டு தடவையும் அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சனிக்கிழமைகளில் மத்தியானம் ஒரு மணியிலிருந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து மணி வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

நடக்காததை நடந்ததாகச் சொன்ன அந்த வரியை அடித்துவிடலாம் என்று ஒருநாள் பேனாவை எடுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதை அடிக்காதேங்கோ. இருக்கட்டும். என்னிக்காவது நெஜமாகும்" என்றாள்.

ஒரு வருஷத்துக்குள் அவள் ஷார்ட்ஹேண்ட் பாஸ் பண்ணி, சின்னக் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். முதல் சம்பளம் வாங்கிய வாரம் தர்வானிடமிருந்து ஆள் வந்தது. ஆபீஸ் கட்டடத்தை விற்றுவிட்டார்கள், தர்வான் சனிக்கிழமை சாயங்கால ரயிலில் ஊரோடு போகிறார், பாபுவுக்குக் காகிதம் வேண்டுமானால் அதற்குள் வரவேண்டும்.

சனிக்கிழமை! வேறு நாளே கிடைக்கவில்லை.

"நீயே போய்க் குடுத்துடு" என்று கெஞ்சினேன்.

"எனக்கு ஒரு மணி வரைக்கும் ஆபீஸ். புது வேலை, லீவு கேக்க முடியாது. அதோட..." என்று நிறுத்தினாள். "நான் எழுதினது நீங்க குடுப்பேள்னுதான்." வட்டியோடு ஏறியிருந்த நூற்றிருபது ரூபாயை எண்ணிக் கையில் வைத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டாள். மூக்கில் ஈர்க்குச்சி அப்படியே இருந்தது.

குழந்தையை மாஷிமாவிடம் விட்டுவிட்டு, பதினோரு மணிக்கே கிளம்பினேன். எஸ்பிளனேடில் இறங்கியதும் கிடர்பூர் டிராம் பக்கம் முகத்தைத் திருப்பாமல், கிட்டத்தட்ட ஓட்டமாக டல்ஹௌசிக்கு வந்து சேர்ந்தேன். தர்வான் இல்லை. ஊருக்குச் சாமான் வாங்கப் போயிருக்கிறார், மூன்று மணிக்கு வருவார் என்றார் பக்கத்து டீக்கடைக்காரர்.

போச்சுடா என்றது மனசு. சட்டைப்பையில் நூற்றிருபது ரூபாய், மூன்று மணி வரை நேரம், பத்து நிமிஷத் தூரத்தில் அந்த டிராம். முதல் ரேஸைப் பார்த்துவிட்டுக்கூடத் திரும்பி வந்துவிடலாம். பார்க்க மட்டும்தானே? கால் தானாக இரண்டு எட்டு வைத்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நான் பயந்தது போல என் வாழ்நாளில் பயந்ததில்லை. தர்வானிடமில்லை, கடனிடமில்லை. என் காலிடம்.

திரும்பி வந்து பூட்டிய கேட்டுக்கு முன்னால் தர்வானின் ஸ்டூலில் உட்கார்ந்தேன். டீக்கடையில் ஒரு பென்சிலும் பழைய ரசீதுப் புத்தகமும் கேட்டு வாங்கினேன். காதில் விழுந்ததையெல்லாம் எழுத ஆரம்பித்தேன். வேறு எனக்கு என்ன தெரியும்? டீ கேட்டவர், ரிக்‌ஷாக்காரரின் பேரம், வங்காளம், இந்தி, யாரோ யாரையோ திட்டியது, எதையும் விடவில்லை. சாஹிப் டிக்டேஷன் கொடுக்கிறார், பென்சிலை நிறுத்தினால் வேலை போய்விடும் என்பது போல எழுதினேன். நடுவில் ரேஸ் புத்தகக்காரன் கூவிக்கொண்டு போனான். அதையும் எழுதினேன். கை எழுதிக்கொண்டிருக்கும்வரை கால் எழுந்திருக்கவில்லை. மூன்று மணி ஆயிற்று, மூன்றரை ஆயிற்று, தர்வானைக் காணோம். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று.

நாலு மணிக்கு வந்தார். பணத்தை எண்ணாமலே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தார். சர்டிபிகேட் மடிப்பு விழாமல் இருந்தது. "பாபுவோட மகள் நல்லா வங்காளி பேசுது" என்றார். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

டிராமில் கூட்டம் நெரிந்தது. சர்டிபிகேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் நின்றே வந்தேன். சந்துக்குள் நுழையும்போது ஐந்தேகால். வாசற்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் புடவையைக்கூட மாற்றவில்லை. ஒரு மணிக்குள் நான் வந்திருக்க வேண்டியவன். இரண்டு மணிக்கு அவள் வந்தபோது வீடு பூட்டியே இருந்திருக்கிறது.

"கிடைச்சுடுத்து" என்று சர்டிபிகேட்டை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. என்னை யாரோ போலப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. "தர்வான் லேட்டா வந்தார். வாசல்லயே உட்கார்ந்திருந்தேன். இதோ பார், எழுதியே வச்சிருக்கேன்" என்று ரசீதுப் புத்தகத்தைக் காட்டினேன். எனக்கு ஒரே குதூகலம். "அந்த வரி நெஜமாயிடுத்து!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடி நோட்டைப் புரட்டினேன்.

அந்த வரியை அடித்திருந்தது. ஒரு கோடு இல்லை. குறுக்கும் நெடுக்குமாக, பேனா முள் காகிதத்தைக் கிழித்து அடுத்த பக்கத்துக்குப் போகும் அளவுக்கு. மை இன்னும் புதிதாக இருந்தது.

பின்னாலேயே வந்து நின்றாள். "மூணு மணி வரைக்கும் பொறுத்துண்டுதான் இருந்தேன். நாலு மணிக்கு அடிச்சுட்டேன்" என்றாள். "மன்னிச்சுடுங்கோன்னா."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்! நான் பணத்தைத் தொலைத்த நாளில் அடிக்க விடாத வரியை, நான் ஒழுங்காக இருந்த ஒரே நாளில் அடித்துவிட்டு, தப்பு தன்னுடையது என்று நடுங்கிக்கொண்டு நின்றாள். பயந்தவன் நான் ஒருத்தன்தான் என்று அத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காவது பயத்தை மறக்க ஒன்றரை நிமிஷம் கிடைத்தது. அவளுக்கு அதுகூடக் கிடைத்ததில்லை.

பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. அந்தச் சர்டிபிகேட்டைக் காட்டித்தான் துறைமுகத்து ஆபீஸ் ஒன்றில் சேர்ந்தேன். மூக்குத்தி மீட்க முடியாமலே போய்விட்டது. வேறு ஒன்று வாங்கினோம். சௌரங்கி டிராம் போய், பவானிபூரில் இப்போது பூமிக்கடியில் ரயில் ஓடுகிறது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு குதிரைமேல் ஒரு பைசா வைத்ததில்லை. அவளுக்கும் அது தெரியும்.

ஆனாலும் சனிக்கிழமை நான் வர அரைமணி தாமதமானால் வாசற்படியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கூட்டம், வண்டி கிடைக்கவில்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கண் என் சட்டைப்பைக்குப் போய்விடுகிறது. நான் பையிலிருக்கும் பணத்தை எடுத்து அவள் எதிரிலேயே எண்ணுகிறேன். அவள் பார்க்காத மாதிரி எழுந்து, காப்பி போட உள்ளே போகிறாள்.